வெறும் அட்டைக்கடி

ஜொய்சி ஜெர்மனியிலிருந்து வந்து நான்கு நாளாகியும் லயத்தில், அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தப் பேச்சு ஓயவில்லை.

"அந்தப் புள்ள அங்கேருந்து தலையால அடிச்சிக்கிட்டுச் சொல்லியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போன்னு. இவ கேட்டாளா? இப்ப ரெண்டு வெரலக் குடுத்துட்டு மகாராணி மாதிரி ஒக்காந்திருக்கா."

சொன்னது பக்கத்துக் காம்பரா மீனம்மா. மாலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து இஸ்தோப்புத் திண்ணையின் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனி மழை. லிந்துலைப் பக்கத்து மலைகள் மூன்று நாட்களாக மூட்டத்துக்குள் கிடந்தன. கொழுந்தாயும் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வரும்போது முதலில் குரல் கேட்டது, பிறகுதான் ஆள் தெரிந்தது.

இராசம்மா சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். இடது காலை எதிரே இருந்த முக்காலியில் நீட்டியிருந்தாள். ஜொய்சி முழந்தாளிட்டு அந்தக் காலின் பழைய துணியை உப்பு நீரால் நனைத்து, ஒட்டியிருந்ததை மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன விரலும் அதற்கடுத்ததும் இருந்த இடம் வழுக்கையாய், இளஞ்சிவப்பாய் இருந்தது. மூன்று மாதமாகியும் ஓரத்தில் ஒரு சிறு வாய் மூடவில்லை.

"சரிடி, விடு. மழையில நனஞ்சிக்கிட்டு வந்து என்னையத் திட்டாட்டி ஒனக்குச் சோறு எறங்காதா?" என்றாள் இராசம்மா.

"திட்டாம கொஞ்சவா? நம்ம டிஸ்பென்சரி மருந்தய்யா பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி நீட்டுறாரு. நா பக்கத்துல நிக்கிறேன். 'வேணாம்யா, எங்களுக்குத் தெரியும்'னு ஒரு மொறப்பு. கேளு ஜொய்சி, நீயே கேளு. என்னாத்த தெரியும் ஒங்கம்மாவுக்கு? கொழுந்தத் தவிர?"

ஜொய்சியின் கை ஒரு கணம் நின்றது. துண்டு எழுதிய கதை அவளுக்குப் புதிது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இராசம்மா மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆணவந்தான்டி. வேற என்னா?" என்றாள்.

உள்ளே அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்த இராசம்மாவின் கணவர் பத்திநாதன் இதைக் கேட்டார். அவர் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலையில், மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை செய்பவர். முப்பது வருடமாக இலை எவ்வளவு வதங்கியிருக்கிறது என்று பிடித்துப் பார்த்தே சொல்லுகிற கை. இப்போது அந்தக் கையில் தேநீர்க் கோப்பைகள்.

"ஆணவமா? திமிரு," என்றார். "புள்ள படிச்ச புள்ள. வெள்ளக்காரன் ஆஸ்பத்திரியில நர்ஸுக்குப் படிக்கிற புள்ள. அது சொல்லிக் கேக்காதவ யாரு சொல்லிக் கேப்பா?"

ஜொய்சி தலையைக் குனிந்து புதுத் துணியைச் சுற்றினாள். மிக அழகாகச் சுற்றினாள். மீனம்மா பார்த்துக்கொண்டே இருந்து, "கை எப்புடி ஓடுது பாரேன்," என்றாள்.

ஜொய்சி அப்படிச் சொல்லியிருக்கவே இல்லை.

அவள் சொன்னது வேறு. அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இருவரும் அந்த இஸ்தோப்பில்தான் இருந்தார்கள்.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், ஆற்றோரத்து மருத்துவமனையில் அவளுக்குப் பயிற்சி. இரண்டாம் வருடம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இருட்டில் சைக்கிள் மிதித்து, ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். வேலையும் அந்த மொழியில், வகுப்பும் அந்த மொழியில். முதல் வருடம் முழுக்க அவள் தலைக்குள் ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் அது நின்றுபோனது. நோய்களெல்லாம் ஜெர்மன் பெயரோடு நேராக வந்து உட்கார்ந்தன. அன்று தனக்குப் பெருமையாக இருந்ததையும் அவள் மறக்கவில்லை.

அவளுடைய வார்டில் ஹென்ஷல் என்று ஒரு கிழவி இருந்தார். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், பாதம் மரத்தவர். ஒவ்வொரு காலையும் ஜொய்சி அந்தப் பாதங்களை இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஒற்றித் துடைப்பாள். கிழவி ஜொய்சியின் ஊர்க் கதைகளை விரும்பிக் கேட்பார்.

நவம்பரில் ஒருநாள் ஒரு வேடிக்கை சொன்னாள். முந்திய ஞாயிறு அம்மா தொலைபேசியில் சொன்னது அது. "மலையில எல்லாரும் அட்டைக்கு உப்பையும் சோப்பையும் தேச்சிக்கிட்டு காலத் தட்டிக்கிட்டு நிக்கிறாளுக. எனக்கு ஒன்னும் தெரியல்ல ஜொய்சி. வீட்டுக்கு வந்து பாத்தா வெரல் இடுக்குல திராட்சப்பழம் மாதிரி தொங்குது." பின்னாலிருந்து மீனம்மா கத்தினாள்: "ஜெர்மன்காரியோட அம்மாவாச்சே! அட்டகூட வலிக்காமத்தான் கடிக்குது!" அன்று மூவரும் சிரித்த சிரிப்பில் தொலைபேசியே கையிலிருந்து விழுந்துவிடும் போலிருந்தது என்று ஜொய்சி சொல்ல, ஹென்ஷல் கிழவி சிரிக்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. பூனை கீறியது தெரியவில்லை," என்றார்.

ஜொய்சிக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கும் சீனி இருந்தது. இரண்டு வருடமாக மாத்திரை. அடுத்த ஞாயிறு கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வந்தது. அன்று பரீட்சைத் திகதி அறிவித்திருந்தார்கள். அதைப் பற்றியே பேசினாள்.

பெப்ரவரியில் செய்முறைப் பரீட்சை. சீனி நோயாளியின் பாதம்தான் அவளுக்குக் கிடைத்த பாடம். மெல்லிய நைலோன் நூலால் பாதத்தை இடமிடமாகத் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளியிடம் உணர்கிறதா என்று கேட்க வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் ஓய்வறையில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோவில் வந்தாள். விரலோரத்தில் ஒன்று ஆறவில்லை என்று காலைத் தூக்கிக் காட்டினாள். வெளிச்சம் போதவில்லை. மணியடிக்க நான்கு நிமிடம் இருந்தது.

"வெறும் அட்டைக்கடிம்மா. சொறிஞ்சி புண்ணாக்கிட்ட. உப்புத் தண்ணியில கழுவி மஞ்சப் பூசு, ஆறிரும். நாளைக்கி எனக்குச் சோதனை, செபம் பண்ணிக்க."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவல்ல?"

"எதுக்கு? பேரக் கெடுத்துக்கவா?"

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் விழாது. தோட்டத்துப் பிள்ளை என்பதால் ஜொய்சிக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பரீட்சையில், இவளுக்குக் கை மட்டுமல்ல, கண்ணும் இருக்கிறது என்று பரீட்சகர்கள் எழுதினார்கள். பதினெட்டு நாள் கழித்து அப்பா அழைத்தார். விரல்களை எடுத்துவிட்டார்கள். அதற்குள் எல்லாரிடமும் அம்மா ஒரு கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

*

மீனம்மா வந்து திட்டிவிட்டுப் போன மறுநாள் பின்னேரம், பத்திநாதன் ஸ்டோருக்குப் போன பிறகு ஜொய்சி ரொட்டிக்கு மாப் பிசைந்தாள். இராசம்மா பலகையில் உட்கார்ந்து சம்பலுக்கு வெங்காயம் உரித்தாள். அடுப்பு விறகு ஈரமாயிருந்ததால் குசினி முழுக்கப் புகை.

"ஏம்மா எல்லாருகிட்டயும் அப்புடிச் சொன்ன?"

"எப்புடி?"

"நா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்னு."

"தண்ணி கூடிப்போச்சு பாரு. இன்னுங் கொஞ்சம் மாவப் போடு."

"அம்மா."

இராசம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கேன். ஒங்கப்பா கேக்குறாரு, புள்ளகிட்டக் காட்டினியா, என்னா சொல்லிச்சுன்னு. வாயில அதுதான் வந்திச்சு."

"பொய்."

"பொய்தான். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். பாதர் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். முடிஞ்சி போச்சு."

"எனக்கு முடியல்லையேம்மா. அப்பா வாய்க்கு வாய் ஒன்னையத் திட்டுறாரு. மீனம்மா சின்னம்மா திட்டுறாங்க. எம் பேர வச்சே திட்டுறாங்க. நா ஒன்னுந் தெரியாதவ மாதிரி துணி சுத்திக்கிட்டிருக்கேன்."

"திட்டு என்னா புதுசா? நாப்பது வருசமா கங்காணிகிட்ட வாங்காத திட்டா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கேளு. ஒன்னையப் பாத்து மூணு புள்ளைக ஹட்டனுக்குப் போயி அந்தப் பாசைய படிக்குதுக. மீனம்மா மக சுதர்ஷினியும் ஒன்னு. நீ தப்பாச் சொல்லிட்டேன்னு வெளிய வந்தா, டவுன்ல என்னா பேசுவாங்க? லயத்துப் புள்ளைய நர்ஸுக்கு அனுப்புனா இதுதான்னு பேசுவாங்க. எனக்குப் போனது ரெண்டு வெரலு. அதுகளுக்கு எல்லாம் போயிரும்."

ஜொய்சி இன்னும் கொஞ்சம் மாவைப் போட்டுப் பிசைந்தாள். இன்னொன்றும் இருந்தது, அது அம்மா சொல்லாதது. காலையில் வெள்ளைத் துணியும் கையுமாக இருக்கும்போது லயத்து ஆட்கள் அவளைப் பார்க்கும் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது. அது போய்விடுமே என்று அவளுக்கே பயமாயிருந்தது. ஐந்து நாளாக வாயைக் கட்டியிருந்தது சுதர்ஷினியின் எதிர்காலம் மட்டுமல்ல.

ரொட்டி சுட்டு முடித்ததும் கை கழுவிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் தேடினாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கூரையில் தொங்கவிட்ட தங்கூசி, அந்த நைலோன் நூல், ஒரு முழம் அங்கே சுருண்டிருந்தது. அதில் விரல் நீளம் வெட்டி எடுத்தாள்.

"அந்தக் காலக் காட்டு. வலது கால. கண்ண மூடிக்க. நூல் படுறது தெரிஞ்சா சொல்லு."

"இது என்னா வெளையாட்டு?"

"சொல்லும்மா."

இராசம்மா கண்ணை மூடினாள். ஜொய்சி பெருவிரலின் அடியில் நூலை வைத்து, வளையும் வரை அழுத்தினாள்.

"இப்ப?"

"தெரியிது."

"இப்ப?"

"தெரியிது, தெரியிது."

குதிகால். பாதத்தின் நடு. எல்லா இடத்திலும் தெரிந்தது. ஜொய்சிக்கு மூச்சு இலகுவானது. பிறகு பரீட்சையில் செய்வது போலவே, ஒருமுறை தொடாமல் சும்மா இருந்து கேட்டாள்.

"இப்ப?"

"நல்லாத் தெரியிது ஜொய்சி," என்றாள் இராசம்மா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

நூல் ஜொய்சியின் மடியில் கிடந்தது.

*

திங்கள் காலை அவள் கிளம்ப வேண்டும். ஞாயிறு மாலை வீட்டில் செபமாலை சொல்ல ஒழுங்கு. லயத்தில் வேதக்காரக் குடும்பங்கள் நான்குதான். ஆனால் செபத்துக்கு மற்றவர்களும் வருவார்கள், கோயில் திருவிழாவுக்கு இவர்கள் போவது போல. மீனம்மா வந்திருந்தாள். அழகுமுத்துக் கங்காணி வந்து வாசலோரம் உட்கார்ந்தார். செபம் முடிந்ததும் அவித்த கடலையும் இஞ்சிப் பிளேன்டீயும் கொடுத்தார்கள். தகரத்தில் மழை கொட்டியதால் எல்லாரும் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"மகளே, எனக்கு இந்த முட்டி ரெண்டு வருசமா வீங்குது. ஒரு பார்வ பாத்துச் சொல்லேன்," என்றார் கங்காணி.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க மாமா."

"எல்லாருக்கும் இதத்தான் சொல்லுது இந்தப் புள்ள. ஒரு வாரமா பாக்குறேன், பல்லு வலிக்கும் ஆஸ்பத்திரிதான், பேனுக்கும் ஆஸ்பத்திரிதான்." எல்லாரும் சிரித்தார்கள். கங்காணி இராசம்மா பக்கம் திரும்பினார். "அன்னைக்கும் இதையேதானே சொல்லியிருக்கும்? நீ கேட்டியா?"

"அவளா?" என்றார் பத்திநாதன். கோப்பையைத் தரையில் வைத்த சத்தம் மழையிலும் கேட்டது. "புள்ள சொல்லச் சொல்ல கேக்காம கால அழுக வச்சவ இவ. நாளைக்கி மிச்சக் காலும் போனா தூக்கிக்கிட்டுத் திரியிறது நானு. புள்ளைக்கு அங்க படிப்பு ஓடுமா? அதயாவது நெனச்சாளா? ஒரு தாய் செய்யிற வேலையா இது?"

இராசம்மா செபமாலையைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கங்காணி காலைப் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடும்போது நிற்பாளே, அப்படி இருந்தாள்.

"அப்பா, போதும். நா சொல்லல்ல," என்றாள் ஜொய்சி.

"என்னா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நா சொல்லவே இல்ல. அம்மா காலக் காட்டிக் கேட்டாங்க. அட்டக்கடின்னு சொன்னேன். மஞ்சப் பூசச் சொன்னேன். போகவான்னு கேட்டாங்க. பேரக் கெடுத்துக்கவான்னு கேட்டேன்."

கடலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"ஜொய்சி, உள்ள போ," என்றாள் இராசம்மா.

"மருந்தய்யா குடுத்த துண்ட அம்மா வாங்காதது என்னாலதான். நா சொல்லிட்டேன்னுதான் அம்மா 'எங்களுக்குத் தெரியும்'னிருக்காங்க."

கங்காணி தொண்டையைச் செருமினார். "போன்ல என்னா தெரியும் மகளே. வெளிச்சங் கெடையாது. டொக்டருக்கே தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மாமா. மறுநாளு அதத்தான் நா சோதனையில செஞ்சேன். நவம்பர் மாசமே தெரியும். அட்ட கடிக்கிறது தெரியல்லன்னு அம்மா சொன்னப்பவே. சொல்லணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

மீனம்மா மெதுவாக எழுந்தாள். இராசம்மாவின் முன்னால் போய் நின்றாள். "மூணு மாசமா நா வாயில வந்ததெல்லாம் பேசியிருக்கேன். வாங்கிக்கிட்டு இருந்தியேக்கா." மீனம்மா ஜொய்சியைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் ஜொய்சிக்கு நன்றாயிருந்திருக்கும்.

"எம் மக சுதர்ஷினியும் வாறா. அங்க வந்தா எல்லாப் புள்ளைக்கும் இப்புடித்தான் மறந்துபோவுமா ஜொய்சி?"

அவள் தேநீரைத் தொடாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். ஒவ்வொருவராய் எழுந்தார்கள். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. கங்காணி மட்டும் போகும்போது ஜொய்சியின் தலையில் கை வைக்கப்போய், என்னவோ நினைத்து, வைக்காமல் போனார்.

"இப்ப நிம்மதியா?" என்றாள் இராசம்மா. "நா பொத்திப் பொத்தி வச்சத போட்டு ஒடச்சிட்டியே. நாளைக்கி நீ பிளேன்ல ஏறிப் போயிருவ. இந்த மூஞ்சிகளப் பாக்கப் போறது நானு."

"ஒடச்சது நாந்தாம்மா. ஆனா இப்ப இல்ல."

பத்திநாதன் இஸ்தோப்பில் போய் நின்றுகொண்டிருந்தார். சாரல் அவர் சட்டையை நனைத்தது. ஜொய்சி பக்கத்தில் போனாள். திட்டுவார் என்று நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ள ஆயத்தமாய் நின்றாள்.

"ஒரே காம்பரா," என்றார் அவர் மழையைப் பார்த்தபடி. "ஒரே பாயி. முப்பது வருசம். அஞ்சாயிரம் மைல் தள்ளி இருக்குற ஒங்கிட்டப் போயி அவ கால காட்டியிருக்கா. நா ஒரு நாளும் பாத்ததில்ல. மூணு மாசமா எதுக்குக் கத்துனேன்னு நெனைக்கிற?"

*

காலையில் மழை விட்டிருந்தது. மலையில் கொழுந்துக்காரிகளின் சத்தம் கேட்டது. மீனம்மாவின் காம்பரா பூட்டிக் கிடந்தது. ஆனால் வாசற்படியில் பழைய நாளிதழில் சுற்றி நான்கு ரொட்டி வைத்திருந்தாள், இன்னும் சூடு ஆறவில்லை. பயணத்துக்கு.

தலவாக்கலைக்குப் போகும் வேன் ஏழு மணிக்கு வளைவில் வந்து நிற்கும். ஜொய்சி பெட்டியை வெளியே வைத்துவிட்டு இராசம்மாவின் முன்னால் முழந்தாளிட்டாள். பத்திநாதனையும் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒக்காருங்க. ஒவ்வொரு நாளும் ஸ்டோரால வந்ததும் ரெண்டு காலையும் நீங்க பாக்கணும். வெரல் இடுக்கு, குதிங்கால், எல்லாம். சின்னக் கீறல் இருந்தாலும் ஆஸ்பத்திரி. எங்கிட்டக் கேக்க வேணாம். மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறந்தான் நானு."

"ம்," என்றார் அவர்.

ஜொய்சி நூலை எடுத்தாள். "அம்மா, கண்ண மூடிக்க."

"அன்னைக்கே பாத்தியே."

"அன்னைக்கி நீ பொய் சொன்ன. நா தொடவே இல்ல."

இராசம்மா மகளைப் பார்த்தாள். பிறகு சிறுபிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப?"

நேரம் எடுத்தது. "தெரியல்ல."

"இப்ப?"

"இல்ல."

குதிகால், பாதத்தின் நடு, பாதத்தின் மேற்புறம். தெரியவில்லை, தெரியவில்லை. நூல் கணுக்காலைக் கடந்து ஏறியது. பத்திநாதன் குனிந்து, இலை பார்க்கும் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா. இங்க தெரியிது," என்றாள் இராசம்மா.

கணுக்கால் எலும்புக்கு மேலே நான்கு விரல். ஜொய்சி பேனாவால் அந்த இடத்தில் கோடு போட்டாள். அவள் பயந்ததை விட அது உயரத்தில் இருந்தது. நூலை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளைவை நோக்கி நடந்தார்.

கீழே வேன் ஹோர்ன் அடித்தது.

"ஜொய்சி," என்றாள் இராசம்மா. கண்கள் இன்னும் மூடியே இருந்தன. "முடிஞ்சதா? கைய எடுத்துட்டியா?"

"இல்லம்மா," என்றாள் ஜொய்சி.

அவள் இரண்டு கைகளாலும் அந்தப் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.